லேப்ரடார் ரெட்ரீவர்: பிறப்பிடம், உடலமைப்பு, இயல்பு – ஒரு முழுமையான வழிகாட்டி

லேப்ரடார் வாங்க நினைப்பவர்களில் பெரும்பாலோர் முதலில் விசாரிப்பது குட்டியின் விலையையும் நிறத்தையும்தான். உண்மையில் அவை இரண்டும் கடைசியாக விசாரிக்க வேண்டியவை. இந்த நாய் எந்த வேலைக்காக, எப்படிப்பட்ட தட்பவெப்பத்தில், யாருடைய கையில் உருவானது என்பது தெரிந்துவிட்டால், அதன் தீராத பசிக்கும், அடர்ந்த ரோமத்துக்கும், எதையாவது வாயில் கவ்விக்கொண்டே திரியும் பழக்கத்துக்கும், தண்ணீரைக் கண்டால் பாயும் வேகத்துக்கும் காரணம் புரிந்துவிடும். காரணம் புரிந்தவர்களுக்கு வளர்ப்பு பாதி எளிதாகிவிடுகிறது. அதனால் இந்த வழிகாட்டி வரலாற்றில் தொடங்கி, உடல், நிறம், குணம் என்று நகர்ந்து, அதன் பிறகே குட்டியைத் தேர்ந்தெடுப்பதற்கும் வளர்ப்பதற்கும் வருகிறது. படிகளை இதே வரிசையில் படிப்பது நல்லது.

முதல் படி: எங்கிருந்து வந்தது என்பதை அறிந்துகொள்ளுங்கள்

கனடாவின் கிழக்குக் கரையில் லேப்ரடார் என்ற நிலப்பகுதி இருந்தாலும், இந்த நாயின் மூதாதை வாழ்ந்தது அதற்குத் தெற்கே உள்ள நியூஃபவுண்ட்லாந்து தீவில். இங்கிலாந்தின் டெவன், டார்செட் பகுதிகளிலிருந்து காட் மீன் பிடிக்கப் போன மீனவர்கள் அந்தத் தீவில் குடியேறினார்கள். அவர்களோடு படகில் ஏறி வேலை செய்த நாய்கள் காலப்போக்கில் ஒரு தனி வகையாகத் திரண்டன. தீவின் முக்கியத் துறைமுகத்தின் பெயரால் அதைச் செயின்ட் ஜான்ஸ் நாய் என்று குறிப்பிடுகிறார்கள். குட்டையான, எண்ணெய்ப் பசையுள்ள கறுப்பு ரோமம், மார்பிலும் பாதங்களிலும் வெள்ளைத் திட்டுகள், நடுத்தர உயரம் ஆகியவை அதன் அடையாளங்கள். தூண்டிலிலிருந்து நழுவும் மீனைப் பாய்ந்து கவ்விப் பிடிப்பதும், வலையின் கயிற்றை வாயில் பற்றிக்கொண்டு கரைக்கு நீந்தி வருவதும் அதன் அன்றாட வேலைகள். பனிக்கட்டி மிதக்கும் கடலில் அந்த வேலையைச் செய்வதற்குத் தண்ணீர் ஒட்டாத ரோமமும், குளிரைத் தாங்கும் உடலும், வாயிலிருப்பதைச் சேதப்படுத்தாத மென்மையான பிடியும் தேவைப்பட்டன. இன்றைய லேப்ரடாரிடம் நாம் வியக்கும் பண்புகள் பெரும்பாலும் அந்தப் படகுகளில் வேர்விட்டவைதான்.

உப்பிட்ட காட் மீனை ஏற்றிய கப்பல்கள் டார்செட்டிலுள்ள பூல் துறைமுகத்துக்கு வந்தபோது, இந்த நாய்களும் கூடவே வந்து இறங்கின. 1814-இலேயே பீட்டர் ஹாக்கர் என்ற ஆங்கில வேட்டைக்காரர், பெரிய உருவமுள்ள நியூஃபவுண்ட்லாந்து நாயையும் சிறிய செயின்ட் ஜான்ஸ் நாயையும் வேறுபடுத்தி எழுதி, துப்பாக்கி வேட்டைக்கு இரண்டாவதே சிறந்தது என்று பாராட்டியிருக்கிறார். பூலுக்கு அருகே ஹெரான் கோர்ட் மாளிகையில் வாழ்ந்த இரண்டாவது மாம்ஸ்பரி பிரபு, தம் சதுப்பு நிலங்களில் சுடப்பட்டு நீரில் விழும் வாத்துகளை எடுத்துவர இந்த நாய்களை வாங்கி வளர்க்கத் தொடங்கினார். அவருடைய மகனான மூன்றாவது பிரபு அந்த வழியைக் கலப்பின்றிக் காத்துவந்தார். எண்ணெய் தடவியதுபோல் தண்ணீரை உதறும் நெருங்கிய ரோமமும், எல்லாவற்றுக்கும் மேலாக ஆற்று நீர்நாயின் வால் போன்ற வாலும்தான் உண்மையான இனத்தின் அடையாளம் என்று 1887-இல் அவர் ஒரு கடிதத்தில் எழுதினார். இன்றும் இனத்தின் முக்கிய அடையாளங்களில் ஒன்றாக அந்த வால் கருதப்படுவதை நினைத்தால், அவருடைய கூர்ந்த பார்வை விளங்கும்.

ஸ்காட்லாந்தில் ஐந்தாவது பக்ளூ கோமகனும் இதே வகை நாய்களைத் தனியாக வளர்த்துவந்தார். 1880-களில் ஆறாவது பக்ளூ கோமகன் தெற்கே வந்தபோது, மாம்ஸ்பரி பிரபு தம் நாய்களில் சிலவற்றை அவருக்குக் கொடுத்தார். அவற்றில் நெட், ஏவன் என்ற இரண்டு ஆண் நாய்களே இன்றைய லேப்ரடார்களின் மூதாதையர் என்று வம்சப் பதிவுகள் கருதுகின்றன. இந்தக் கைமாற்றம் நிகழாமல் போயிருந்தால் இனமே மறைந்திருக்கக்கூடும். ஏனெனில் நியூஃபவுண்ட்லாந்தில் ஆடு வளர்ப்பை ஊக்குவிப்பதற்காக நாய்களுக்கு வரியும் தடையும் விதிக்கப்பட்டன; 1885-இல் வந்த சட்டம் இந்தப் போக்கை மேலும் இறுக்கியது. வெறிநோயைத் தடுக்க பிரிட்டன் கொண்டுவந்த தனிமைப்படுத்தல் விதிகளால் புதிய நாய்கள் வந்திறங்குவதும் நின்றுபோயிற்று. மூல இனமான செயின்ட் ஜான்ஸ் நாய் 1980-களில் முற்றிலும் அற்றுப்போனது.

நாய் இனங்களைப் பதிவுசெய்யும் பிரிட்டனின் கென்னல் கிளப் 1903-இல் லேப்ரடாரைத் தனி இனமாக ஏற்றது. லேப்ரடார் ரெட்ரீவர் கிளப் 1916-இல் தொடங்கப்பட்டது. அதை வழிநடத்தியவர்களில் ஒருவரான லோர்னா ஹவ் சீமாட்டியின் பான்கரி போலோ என்ற நாய், கண்காட்சியிலும் களப்போட்டியிலும் வாகையர் பட்டம் பெற்ற முதல் லேப்ரடார். அதன் பாதங்களின் அடியில் சில வெள்ளை ரோமங்கள் இருந்தன; இன்றும் ஒரு கறுப்புக் குட்டியின் பாதத்தைத் திருப்பிப் பார்க்கும்போது அத்தகைய வெள்ளை ரோமம் தென்பட்டால், வளர்ப்பாளர்கள் அதைப் போலோவின் பெயராலேயே அழைக்கிறார்கள். அமெரிக்கக் கென்னல் கிளப் 1917-இல் இந்த இனத்தைப் பதிவுசெய்தது. அந்த நாட்டில் 1991 முதல் 2021 வரை 31 ஆண்டுகள் தொடர்ந்து அதிகம் பதிவான இனமாக லேப்ரடாரே இருந்தது; 2022-இல்தான் பிரெஞ்சு புல்டாக் அதை முந்தியது.

இரண்டாம் படி: உடலைப் படிக்கப் பழகுங்கள்

பிரிட்டனின் இனத் தரப்படி ஆண் நாய் தோள்பட்டை வரை 56 முதல் 57 சென்டிமீட்டரும், பெண் நாய் 55 முதல் 56 சென்டிமீட்டரும் உயரம் இருக்க வேண்டும். அமெரிக்கத் தரம் ஆணுக்கு ஏறக்குறைய 29 முதல் 36 கிலோவும், பெண்ணுக்கு 25 முதல் 32 கிலோவும் எடை சொல்கிறது. நம் ஊர்த் தெருக்களில் 45 கிலோவுக்கு மேல் பெருத்த லேப்ரடாரைக் காட்டி “நல்ல கிராண்டான நாய்” என்று பெருமைப்படுபவர்கள் இந்த எண்களை ஒருமுறை பார்ப்பது நல்லது.

ரோமத்தை விரலால் பிரித்துப் பாருங்கள். மேலே சற்று முரடான, நேரான வெளி ரோமம் இருக்கும். அதன் அடியில் பஞ்சு போன்ற, மங்கிய நிறமுள்ள உள் ரோமம் அடர்ந்திருக்கும். குளிப்பாட்டும்போது முதல் இரண்டு குவளைத் தண்ணீர் முதுகிலிருந்து அப்படியே வழிந்தோடுவதையும், தோல் நனைவதற்கு விரலால் தேய்த்துக் கொடுக்க வேண்டியிருப்பதையும் காணலாம். அந்த எண்ணெய்ப் பசையை அடிக்கடி ஷாம்பு போட்டு அகற்றினால் தோல் வறண்டு அரிப்பு வரும். கோடைக்காக ரோமத்தை மழித்துவிடுவதும் தவறு; வெயில் நேராகத் தோலில் படுவதைத் தடுப்பதும் அந்த ரோமம்தான். வாரத்தில் சில நாட்கள் சீப்பால் வாரி, உதிரும் உள் ரோமத்தை எடுத்துவிடுவதே போதுமான பராமரிப்பு. லேப்ரடார் ஆண்டு முழுவதும் ரோமம் உதிர்க்கும் இனம் என்பதை வீட்டிலுள்ள எல்லோரும் முன்கூட்டியே ஏற்றுக்கொள்ள வேண்டும்.

வால் அடியில் பருத்து, நுனியை நோக்கிக் கூம்பி, தொங்கும் ரோமமின்றி உருண்டையாக இருக்க வேண்டும்; நீந்தும்போது அது சுக்கானாகப் பயன்படுகிறது. விரல்களுக்கிடையே உள்ள சவ்வு தண்ணீரைத் தள்ள உதவுகிறது. கண்காட்சிக்காக வளர்க்கப்படும் வழியில் அகன்ற தலையும் கனத்த உடலும், வேட்டைக் களவேலைக்காக வளர்க்கப்படும் வழியில் ஒல்லியான உடலும் மிகுந்த வேகமும் காணப்படும். அடுக்குமாடிக் குடியிருப்பில் வளர்ப்பவருக்குக் களவழிக் குட்டி பெரும்பாலும் பொருந்தாது. அதன் ஆற்றலுக்கு ஈடுகொடுப்பது கடினம்.

மூன்றாம் படி: நிறத்தைப் பற்றிய மயக்கத்தைத் தீர்த்துக்கொள்ளுங்கள்

ஏற்கப்பட்ட நிறங்கள் மூன்றுதான்: கறுப்பு, மஞ்சள், சாக்லேட். தொடக்கத்தில் கறுப்பே விரும்பப்பட்டது. 1899-இல் டார்செட்டில் பிறந்த பென் ஆஃப் ஹைட், மஞ்சள் லேப்ரடாராகப் பதிவான முதல் நாய். வெளிர் கிரீம் நிறம் முதல் நரிச் சிவப்பு வரையுள்ளவை எல்லாம் மஞ்சளின் சாயல்களே.

இரண்டு மரபணுக்கள் இந்த நிறங்களைத் தீர்மானிக்கின்றன. ஒன்று நிறமி கறுப்பா பழுப்பா என்பதை முடிவுசெய்கிறது. மற்றொன்று அந்தக் கருநிறமி ரோமத்தில் படிய வேண்டுமா என்பதை முடிவுசெய்கிறது. இரண்டாவது மரபணுவின் ஒடுங்கிய வடிவம் தாயிடமிருந்தும் தந்தையிடமிருந்தும் வந்துவிட்டால், முதல் மரபணு என்னவாக இருந்தாலும் குட்டி மஞ்சளாகவே பிறக்கும். அதனால்தான் இரண்டு கறுப்பு லேப்ரடார்களுக்கு ஒரே ஈற்றில் மூன்று நிறக் குட்டிகளும் பிறக்க முடிகிறது. “கறுப்புக்கு மஞ்சள் பிறந்ததா, அப்படியானால் கலப்பு” என்று சொல்பவரின் பேச்சை நம்ப வேண்டியதில்லை. “வெள்ளி லேப்ரடார்” என்றும் “அபூர்வ நிறம்” என்றும் கூடுதல் விலை கேட்பவரிடம் நிச்சயம் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்; அது இனத் தரத்தில் இல்லாத, நிறத்தை வெளிறச் செய்யும் ஒரு மரபணுவின் விளைவு.

நிறத்துக்காக மட்டும் இணைசேர்ப்பதால் என்ன நேரும் என்பதற்கு ஒரு சான்று உண்டு. லண்டன் ராயல் கால்நடைக் கல்லூரி ஆய்வாளர்கள் 2018-இல் வெளியிட்ட ஆய்வில், லேப்ரடார்களின் இடைநிலை ஆயுள் 12 ஆண்டுகள் என்று தெரியவந்தது. சாக்லேட் நிறத்தவை மட்டும் 10.7 ஆண்டுகளே வாழ்ந்தன, மற்றவை 12.1 ஆண்டுகள். சாக்லேட் நாய்களுக்குக் காது அழற்சியும் தோல் புண்ணும் கூடுதலாக இருந்தன. சாக்லேட் குட்டி பிறக்கப் பெற்றோர் இருவரிடமும் அந்த மரபணு இருக்க வேண்டியிருப்பதால், வளர்ப்பாளர்கள் குறுகிய வட்டத்துக்குள்ளேயே இணைசேர்த்தது இதற்குக் காரணமாக இருக்கலாம் என்பது அவர்களுடைய கருத்து.

நான்காம் படி: குணத்தை வேலையோடு சேர்த்துப் புரிந்துகொள்ளுங்கள்

வேட்டைக்காரரின் பக்கத்தில் சத்தமின்றிக் காத்திருந்து, ஏவியதும் ஓடி, பறவையைக் காயமின்றிக் கொண்டுவந்து கையில் கொடுப்பதே ரெட்ரீவரின் தொழில். இதற்கு மனிதனின் சொல்லுக்கும் சைகைக்கும் செவிசாய்க்கும் மனமும், அந்நியரோடும் பிற நாய்களோடும் சண்டையிடாத இணக்கமும் வேண்டும். பார்வையற்றோருக்கு வழிகாட்டும் பணியிலும், வெடிபொருள், போதைப்பொருள் மோப்பப் பணியிலும் உலகெங்கும் லேப்ரடார் விரும்பப்படுவது இதனால்தான். இந்திய ராணுவத்தின் மீரட் மையத்திலும் இவ்வினத்துக்குப் பயிற்சி அளிக்கப்படுகிறது. இதே காரணத்தால், காவலுக்கு மட்டும் நாய் வேண்டுமென்று லேப்ரடாரைத் தேர்ந்தெடுப்பது பொருந்தாது. அது குரைத்து அறிவிக்கும். ஆனால் வந்தவர் அன்பாக ஒரு சொல் பேசினால் வாலாட்டும். மனிதரோடு சேர்ந்து வேலை செய்வதற்காகவே உருவான இனம் என்பதால், மாடியிலோ கூண்டிலோ நாள் முழுவதும் தனியாகக் கட்டிவைப்பது அதற்குச் செய்யும் கொடுமை. செருப்பைக் கடிப்பதும் ஓயாமல் குரைப்பதும் பெரும்பாலும் அந்தத் தனிமையில் விளைபவை.

ஐந்தாம் படி: குட்டியைத் தேர்ந்தெடுங்கள்

குட்டிக்கு முன்பாகத் தாயைப் பாருங்கள். தாயைக் காட்ட மறுக்கும் இடத்தில் குட்டி வாங்காதீர்கள். அந்த ஒரு விதியே பாதி ஏமாற்றங்களைத் தடுத்துவிடும். புதியவரைக் கண்டு தாய் ஒடுங்குகிறதா, சீறுகிறதா, முகர்ந்து பார்த்து நெருங்குகிறதா என்பதைக் கவனியுங்கள். இந்தியாவில் 2017-ஆம் ஆண்டின் நாய் வளர்ப்பு மற்றும் விற்பனை விதிகளின்படி, எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கக் கூடாது. வளர்ப்பாளர் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்திருக்கவும் வேண்டும். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட கென்னல் கிளப் ஆஃப் இந்தியா வழங்கும் பதிவுச் சான்றிதழ் வம்சத்தைச் சொல்லும். உடல்நலத்துக்கு அது உத்தரவாதம் ஆகாது. “கேசிஐ பேப்பர் இருக்கிறது” என்ற பதிலோடு கேள்விகளை நிறுத்திவிடக் கூடாது.

உடல்நலத்துக்காகக் கேட்க வேண்டியவை வேறு. பெற்றோரின் இடுப்பு மூட்டுக்கும் முழங்கை மூட்டுக்கும் எக்ஸ்ரே எடுத்துத் தரம் பார்த்திருக்கிறார்களா என்று கேளுங்கள். விழித்திரை படிப்படியாகத் தேய்ந்து பார்வையைப் பறிக்கும் மரபுநோய்க்கும், கடுமையான ஓட்டத்துக்குப் பின் சரிந்துவிழும் குறைபாட்டுக்கும் மரபணுச் சோதனைகள் உண்டு. இரண்டாவது குறைபாடுள்ள நாய் சில நிமிடங்கள் உற்சாகமாக ஓடியதும் பின்னங்கால்கள் தள்ளாடி விழும். சில நேரங்களில் உயிரும் போகும். 2008-இல் இதற்குக் காரணமான மரபணு கண்டறியப்பட்டுவிட்டதால், சோதிக்காமல் இணைசேர்ப்பதற்கு இனிச் சாக்குப்போக்கு இல்லை.

ஆறாம் படி: உணவில் உறுதியாக இருங்கள்

லேப்ரடாரின் பசியை வெறும் பேராசை என்று எண்ணிவிட வேண்டாம். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016-இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஏறக்குறைய நான்கில் ஒரு லேப்ரடாரிடம் POMC என்ற மரபணுவின் ஒரு துண்டு விடுபட்டிருக்கிறது. வயிறு நிறைந்ததை மூளைக்கு உணர்த்தும் வழியில் அந்த மரபணுவுக்குப் பங்கு உண்டு. உதவி நாய்களாகத் தேர்வானவற்றில் இந்த மாற்றம் இன்னும் அதிகமாகக் காணப்பட்டது. உணவைப் பரிசாக வைத்துப் பழக்க எளிதாக இருப்பது காரணமாகலாம். அதே குழுவின் 2024 ஆய்வு, இந்த மாற்றமுள்ள நாய்கள் ஓய்வில் இருக்கும்போது ஏறக்குறைய 25 சதவீதம் குறைவான ஆற்றலையே செலவழிக்கின்றன என்றும் காட்டியது. பசி அதிகம், செலவு குறைவு என்ற நிலையில் உள்ள நாயின் கண்ணைப் பார்த்து அளவை நிர்ணயித்தால் அது பெருக்கத்தான் செய்யும்.

பெருத்தால் என்ன ஆகும் என்பதற்கும் தெளிவான விடை உண்டு. 48 லேப்ரடார்களைக் குட்டிப் பருவம் முதல் இறுதி வரை கண்காணித்து 2002-இல் வெளியான ஆய்வில், 25 சதவீதம் குறைவாக உணவளிக்கப்பட்டவை ஏறக்குறைய 1.8 ஆண்டுகள் கூடுதலாக வாழ்ந்தன. மூட்டுத் தேய்மானமும் அவற்றுக்குத் தாமதமாகவே வந்தது. ஆகவே ஒவ்வொரு வேளையும் அளந்து கொடுங்கள். விலாவைத் தடவும்போது எலும்புகள் எளிதாகத் தட்டுப்பட வேண்டும். மேலிருந்து பார்த்தால் இடுப்பு உள்வாங்கியிருக்க வேண்டும். தயிர்சாதத்தை மட்டும் நம்பி வளரும் குட்டிக்குப் புரதம் போதாது. வளரும் பருவத்தில் மருத்துவர் சொல்லாமல் கால்சியம் டானிக் ஊற்றுவது எலும்பு வளர்ச்சியையே கெடுக்கும். பாயசத்தில் மிதக்கும் உலர் திராட்சை, குழம்பில் கிடக்கும் வெங்காயம், குழந்தைகளின் சாக்லேட் ஆகிய மூன்றும் நாய்க்கு நஞ்சு. விருந்து நாளில் வந்தவர்கள் எல்லோரிடமும் இதைச் சொல்லிவையுங்கள்.

ஏழாம் படி: வெயிலையும் தரையையும் கணக்கில் கொள்ளுங்கள்

குளிர்கடலுக்காக உருவான உடலுக்குத் தமிழ்நாட்டுக் கோடை பெரும் சுமை. சித்திரை, வைகாசியில் நடையை விடியலுக்கும் இருட்டிய பிறகும் மாற்றிக்கொள்ளுங்கள். புறங்கையைத் தார்ச்சாலையில் வைத்து ஐந்து நொடி தாங்க முடியாவிட்டால் நாயின் பாதமும் தாங்காது. நாக்கு அடர்சிவப்பாகி, எச்சில் பிசுபிசுத்து, நடை தள்ளாடினால் அது வெப்பத் தாக்கம். உடனே நிழலுக்குக் கொண்டுபோய், உடல் முழுவதும் சாதாரணத் தண்ணீரை ஊற்றி, விசிறி வைத்து, பிறகு தாமதிக்காமல் மருத்துவமனைக்கு எடுத்துச் செல்லுங்கள். உண்ணிகள் நம் ஊரில் ஆண்டு முழுவதும் உண்டு; காது மடல், விரலிடுக்கு, கழுத்துப்பட்டையின் அடி ஆகிய இடங்களைத் தினமும் தடவிப் பாருங்கள். உண்ணிக் காய்ச்சலில் முதலில் தெரிவது பெரும்பாலும் சோர்வும் பசியின்மையும்தான். லேப்ரடார் சோற்றை ஒதுக்கினால் அன்றே மருத்துவரைப் பார்ப்பது நல்லது.

மூன்று மாதம் நிறைவதற்குள் தினமும் படியேறி இறங்கிய குட்டிகளுக்கு இடுப்பு மூட்டுக் குறைபாடு அதிகமாகவும், மிருதுவான தரையில் கட்டின்றி ஓடியாடியவற்றுக்குக் குறைவாகவும் இருந்ததை நார்வேயில் நடந்த ஆய்வு காட்டியது. மாடியில் குடியிருப்பவர்கள் குட்டியைத் தூக்கிச் செல்லுங்கள். வழுக்கும் டைல்ஸ் தரையில் கோணியோ ரப்பர் விரிப்போ போடுங்கள்.

எட்டாம் படி: பிறவித் தொழிலைக் கற்றுக்கொடுங்கள்

லேப்ரடாருக்கு நடைப்பயிற்சி மட்டும் போதாது. எடுத்துவரும் வேலை வேண்டும். இதைக் கற்றுக்கொடுக்க வீட்டு நடையோ இருபக்கமும் சுவர் உள்ள சந்தோ ஏற்றது. குட்டிக்கு வெளியேற வேறு வழி இல்லாததால், பொருளை எடுத்தபின் அது உங்களை நோக்கித்தான் வந்தாக வேண்டும். பழைய காலுறையை முடிச்சிட்டு, குட்டியின் கண்ணெதிரே சில அடி தூரத்தில் உருட்டுங்கள். அது கவ்வியதும் நீங்கள் குந்தி உட்கார்ந்து, பின்னோக்கி நகர்ந்தபடி பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். வந்தவுடன் வாயிலிருப்பதைப் பிடுங்காமல், முதலில் மார்பைத் தடவிக் கொஞ்சுங்கள். பிறகு மூக்கருகே ஒரு துண்டு தின்பண்டத்தை நீட்டி, அது வாயைத் திறக்கும் கணத்தில் “கொடு” என்ற சொல்லைச் சொல்லுங்கள். இரண்டு மூன்று முறையோடு, குட்டிக்கு ஆசை தீராதபோதே நிறுத்திவிட வேண்டும். துரத்திப் பிடித்துப் பிடுங்கினால், பொருளோடு ஓடுவதே விளையாட்டு என்று குட்டி கற்றுக்கொள்ளும். மென்மையான பிடியும் அந்த இழுபறியில் கெட்டுவிடும். ஓரிரு மாதத்தில் இந்த வரிசை பழகிய பிறகு, எறியும் முன் உட்காரவைத்து, சொல்லும்வரை காத்திருக்கப் பழக்குங்கள். அந்தக் காத்திருப்புதான் நாயின் மூளைக்கு நல்ல வேலை கொடுக்கிறது.

நீச்சலைச் சரிவான கரையுள்ள, ஓட்டமில்லாத நீரில் தொடங்குங்கள். குட்டியைத் தூக்கி எறிந்து பழக்குவது கொடிய முறை. நீங்கள் முழங்காலளவு நீரில் நின்று அழைத்தால் அது தானே வரும். படிகள் மட்டுமுள்ள கிணற்றில் நாயால் வெளியேற முடியாமல் போகக்கூடும். நீண்ட நீச்சலுக்கு மறுநாள் வால் அடியிலிருந்து தளர்ந்து தொங்கினால் பயப்பட வேண்டாம். வால் தசைகள் களைத்துப்போன நிலை அது, பொதுவாகச் சில நாள் ஓய்வில் சரியாகிவிடும். வலி மிகுதியாக இருந்தால் மட்டும் மருத்துவரிடம் காட்டுங்கள். ஒவ்வொரு நீச்சலுக்குப் பிறகும், ஒவ்வொரு குளியலுக்குப் பிறகும், தொங்கும் காதுமடலைத் தூக்கி உலர்ந்த பருத்தித் துணியால் உட்புறத்தைத் துடைத்துவிடுங்கள். ராயல் கால்நடைக் கல்லூரி ஆய்வில் இந்த இனத்துக்கு மிக அதிகமாக வந்த நோய் காது அழற்சிதான்.